தகிட தக தகதிமி: ஜெனிசிஸ் ரசிகர்களின் தீராத வேலை

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான ஜெனிசிஸ் கடைசியாக மேடையேறியது 2022 மார்ச் 26 அன்று, லண்டன் ஓ2 அரங்கில். பில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். உடல்நிலை காரணமாக அவரால் டிரம்ஸ் வாசிக்க முடியாமல் போயிருந்தது. அந்த இடத்தில் அவர் மகன் நிக். 1975இல் குழுவைவிட்டு விலகிய முதல் பாடகர் பீட்டர் கேப்ரியலும் அன்று வந்திருந்தார், பார்வையாளராக. 1967இல் சர்ரேயின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் மாணவர்கள் தொடங்கிய குழு அன்றோடு நிறுத்திக்கொண்டது.

ரசிகர்கள் நிறுத்தவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இசைத்தட்டின் எந்தப் பதிப்பு சரியான பதிப்பு என்ற வாக்குவாதம் இன்னும் சூடாகவே நடக்கிறது. இதைப் பழைய நினைவு, இளமைக்கால ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்தத் தட்டுகள் வெளிவந்தபோது பிறந்தே இராதவர்களும் இந்தப் பித்தில் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஏது பழைய நினைவு? 1970 முதல் 1977 வரையிலான ஜெனிசிஸ் கேட்பவருக்கு வேலை வைக்கும் இசை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எண்ணிக் கேட்க வேண்டும், ஒவ்வொரு கருவியாகப் பிரித்துக் கேட்க வேண்டும், அது எப்படி வந்தது என்று கையால் வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு வேலை முடிந்தால் அடுத்தது காத்திருக்கும். அந்த வேலைகள் என்னென்ன, எங்கே சறுக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எண்ணுவதில் தொடங்கலாம். 1972இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில் ஏறத்தாழ 23 நிமிடத்துக்கு நீளும் 'சப்பர்ஸ் ரெடி' இருக்கிறது. ஏழு பகுதிகள். ஆறாம் பகுதியின் பெயரிலேயே தாளம் வந்துவிடுகிறது: 'அபோகலிப்ஸ் இன் 9/8'. பதினைந்தரை நிமிடம் தாண்டியதும் தொடங்குகிறது. கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே அச்சைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அந்த ஒன்பது மூன்று மூன்றாகப் பிரியாது. மூன்று, இரண்டு, நான்கு என்று பிரியும். நம் வாயில் சொன்னால் தகிட, தக, தகதிமி. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணித் திணறுபவர்களைவிட ஜதி சொல்லிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

சிக்கல் அதற்கு மேல்தான். குழுவின் கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸ் இந்த ஒன்பதுக்கு மேலே ஹேமண்ட் ஆர்கனில் வேறு கணக்கில் வாசிக்கிறார். சில இடங்களில் நாலுக்கு நாலு, அதாவது இதே எண்ணிக்கையில் எட்டு, சில இடங்களில் ஏழு. கீழே ஒன்பது, மேலே எட்டு என்று ஓடினால் இரண்டும் மறுபடி ஒரே புள்ளியில் சேர 72 எண்ணிக்கை ஆகும், அதாவது ஒன்பதில் எட்டு ஆவர்த்தனம். மேலே ஏழாக இருந்தால் 63. ஆனால் பேங்க்ஸ் ஒரே கணக்கில் நீடிப்பதில்லை. சேரப்போகிறது என்று காது நம்பும் இடத்தில் வாக்கியத்தை நீட்டிவிடுவார். முதல் முறை கேட்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். காது தானாக ஆர்கன் பின்னால் போகும், கால் தட்டுவது அதோடு போகும், இரண்டு ஆவர்த்தனத்துக்குள் கணக்கு காணாமல் போய்விடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஆர்கன் நுழைவதற்கு முன்பே பேஸையும் டிரம்ஸையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் அடிக்கும் மட்டும் கால் தட்டுங்கள்: தகிடவின் 'த', தகவின் 'த', தகதிமியின் 'த'. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்றே தட்டு, சமமில்லாத மூன்று தட்டு. அது கேட்காமலேயே ஓடும் அளவுக்குப் பழகிய பிறகு கவனத்தை மெல்ல ஆர்கனுக்கு மாற்றுங்கள். கால் மட்டும் கீழேயே இருக்கட்டும். இப்படி ஒரு தடவை கடைசிவரை விடாமல் வந்துவிட்டால், குரல் மறுபடி நுழையும் இடத்தில் மொத்தக் குழுவும் ஒன்றாக விழுவது உடம்பிலேயே தெரியும். அந்த இடம் ஏன் இத்தனை பேரை அழவைக்கிறது என்பதற்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அத்தனை நேரம் இரண்டு திசையில் இழுத்துக்கொண்டிருந்தது ஒன்றாகிறது. மீதிப் பாதி மெட்டில் இருக்கிறது. நாலாவது நிமிடத்துக்குச் சற்று முன் 'கேரண்டீட் எடர்னல் சாங்சுவரி மேன்' பகுதியில் வந்த மெட்டு, இருபத்தொன்றாவது நிமிடத்தை ஒட்டிக் கடைசிப் பகுதியில் திரும்பி வருகிறது. முதல் வருகையைக் கவனிக்காமல் விட்டவருக்கு இரண்டாவது வருகை வெறும் உரத்த முடிவாகத்தான் கேட்கும். ஆகவே புதிதாகக் கேட்பவரிடம் ஆறாம் பகுதியைத் தனியாக வெட்டிக் கொடுக்காதீர்கள்.

'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பியானோ முன்னுரை இன்னொரு சோதனை. 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்டு' தொகுப்பில் இருக்கிறது. ஒரு நிமிடம் சொச்சம்தான். அதற்குள் 2/4, 13/16, 15/16 என்று தாளம் மாறிக்கொண்டே போகிறது. வாசிக்கக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை வழக்கம்போல கால் அடிக்கு, அதாவது க்வார்ட்டர் நோட்டுக்கு வைப்பது. 13இலும் 15இலும் அந்த அடி நடுவில் துண்டாகிவிடும். மெட்ரோனோமை அதில் கால் பங்கான சிக்ஸ்டீந்த் நோட்டுக்கே வையுங்கள், மெதுவாக. எல்லாச் சிக்ஸ்டீந்தும் ஒரே நீளம். மாறுவது கூட்டம் மட்டும். இன்னொரு தவறு, 13இன் கடைசியில் கை இளைப்பாறி 14 ஆக்கிவிடுவது. தனியாக வாசிக்கும்போது அது தெரியாது. பதிவோடு சேர்த்து வாசித்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இந்த முன்னுரையைப் பேங்க்ஸே மேடையில் வாசிப்பதை விட்டுவிட்டார். 1977இன் 'செகண்ட்ஸ் அவுட்' மேடைப் பதிவில் பாட்டு நேராகக் குரலில் தொடங்குகிறது. அப்போது அவரிடம் மேடையில் இருந்தது ஆர்எம்ஐ எலக்ட்ரா பியானோ என்ற மின்னணுக் கருவி. அதில் விரலழுத்தத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்காது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். இரண்டு கைகளும் பின்னிப் போகும் இந்த முன்னுரையில் எந்தச் சுரம் முன்னால் வர வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்பதே உயிர். அதை அந்தக் கருவி தராது. இன்று அந்தப் பாட்டை மேடையில் வாசிப்பவர்கள் 'அசல் கருவியிலேயே வாசிக்கிறோம்' என்று ஆர்எம்ஐ ஒலியைத் தேர்ந்தெடுப்பது எனக்குப் புரிவதில்லை. முன்னுரைக்கு நல்ல பியானோ ஒலி, பாட்டுக்குள் நுழைந்த பிறகு ஆர்எம்ஐ. அதுதான் முறை.

அதே பாட்டில் குழுவின் கிதார்க்காரர் ஸ்டீவ் ஹேக்கெட்டின் கிதார் தனி. கேப்ரியல் புல்லாங்குழலில் முதலில் சொன்ன மெட்டைத்தான் கிதார் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. விரலுக்குக் கடினமான இடம் அதில் அதிகமில்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அது சாகாமல் நிற்க வைப்பதுதான் கடினம். வீட்டில் தாழ்ந்த சத்தத்தில், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மட்டும் முழுக்கத் திருப்பினால் சுரம் கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு அறுந்துபோகும். ஸ்பீக்கரின் காற்று தந்தியைத் திரும்பத் தள்ளும் அளவுக்குச் சத்தம் வேண்டும், கிதார் ஸ்பீக்கரைப் பார்த்திருக்க வேண்டும். அது முடியாத வீடுகளுக்கு, தந்தியைக் காந்தத்தால் தொடர்ந்து அதிர வைக்கும் சஸ்டெய்னர் பொருத்திய கிதார் ஒரு நல்ல தீர்வு. ஹேக்கெட்டே பின்னாளில் ஃபெர்னாண்டஸ் கம்பெனியின் அப்படிப்பட்ட கிதாருக்கு மாறியவர்தான்.

இனி மெல்லோட்ரான். ஜெனிசிஸ் ரசிகர்களை இன்றுவரை கருவி பழுதுபார்ப்பவர்களாக மாற்றிக்கொண்டிருக்கும் பெட்டி அது. 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் வேறெதுவும் இல்லாமல் நிற்கும் அந்த ஒலி, மார்க் 2 மெல்லோட்ரானில் வந்தது. இந்தப் பெட்டியில் ஒலியை உண்டாக்கும் மின்சுற்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் ஓர் உருளை நாடாவைச் சுழலும் தண்டோடு சேர்த்து அழுத்தும், நாடா ஓடும், அதில் முன்பே பதிந்த வயலின் ஒலி கேட்கும். நாடாவின் நீளம் சுமார் 8 நொடிக்கு. அதற்கு மேல் பிடித்தால் மௌனம். விட்டதும் நாடா தொடக்கத்துக்கு இழுபட்டுப் போகும்.

மார்க் 2இல் 35 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசை பக்கம் பக்கமாக இருக்கும். பிறகு வந்த எம்400இல் ஒரு வரிசை, 35 கட்டை, ஒரு நாடாவில் மூன்று ஒலித்தடம். எம்400தான் சுமந்து போகக்கூடியது, பெரும்பாலான ரசிகர்கள் கையில் கிடைப்பதும் அதுதான். அதன் தொடக்க கால மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை சிஎம்சி-10 தொல்லை பிடித்தது. ஒரு விரலால் வாசிக்கும்வரை சரியாக இருக்கும். இரண்டு கையாலும் பெரிய கார்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாகப் பிடித்தால் ஆறேழு உருளைகள் ஒரே நேரத்தில் தண்டை அழுத்தும், மோட்டார் தளரும், சுருதி இறங்கும். 'வாட்சர்' வாசிக்க அதுதானே வேண்டும்! பலகையைப் பிற்கால எஸ்எம்எஸ் வகைக்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி. அதற்கு முன்பே கட்டைகளைச் சீர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு திருகு உண்டு: ஒன்று உருளைக்கு, ஒன்று நாடாவை ஒலித்தலைமேல் அழுத்தும் பஞ்சுக்கு. முதலில் உருளை. நாடா வழுக்காமல் இழுபடும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டாருக்குத்தான் சுமை. பிறகு பஞ்சு. உயர் ஒலி மங்காமல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லா கார்டும் அந்தப் பெட்டியில் நன்றாக ஒலிக்காது, நாடாக்களின் சுருதி அப்படி. கேட்கத் தகுந்ததாக வந்த கார்டுகளை வைத்தே பேங்க்ஸ் அந்தத் தொடக்கத்தைக் கட்டினார். பெட்டியின் குறையிலிருந்தே அந்த இசையின் பிரம்மாண்டம் பிறந்தது என்பதில் எனக்குத் தீராத வியப்பு. கணினியில் மெல்லோட்ரான் ஒலித்தொகுப்பு வைத்து இதை வாசிப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒலியை வளையமாகச் சுழலவிடும் லூப் வசதியை அணையுங்கள். 8 நொடி எல்லை இருந்தால்தான் கை சரியான இடத்தில் கார்டை விட்டு மறுபடி பிடிக்கும். விரலழுத்த வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுவதை அணையுங்கள். ஏற்ற இறக்கம் கால் பெடலில்தான் வர வேண்டும். சுருதிச் சீராக்கம் எதையும் போடாதீர்கள். கட்டைக்குக் கட்டை இருக்கும் அந்தச் சிறு பிசிறை நீக்கினால் மிஞ்சுவது சாதாரண வயலின் கூட்ட ஒலிதான்.

ஹேமண்ட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். தொடக்க வருடங்களில் பேங்க்ஸ் வைத்திருந்தது எல்-122, கட்டைவரிசைக்கு 44 கட்டை கொண்ட சிறிய வகை. ராக் இசை என்றாலே ஹேமண்டின் பெரிய வகையான பி-3தான் என்று அதைத் தேடி அலைகிறார்கள். ஜெனிசிஸுக்கு அது தேவையில்லை. நாடு விட்டு நாடு வந்த ஹேமண்ட் என்றால் பின்பக்கத் தகட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். இந்த ஆர்கனின் சக்கரங்களை மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிய மோட்டார் சுழற்றுகிறது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 60 ஹெர்ட்ஸில் போட்டால் சுருதி ஒரு மைனர் தேர்டு, அதாவது மூன்று அரைச்சுரம் ஏறிவிடும். இந்தப் பூட்டு வேறோர் இடத்தில் ரசிகர்களுக்குப் பெரிய உதவி செய்கிறது. பின்னால் சொல்கிறேன்.

பன்னிரண்டு தந்தி கிதாரைப் பற்றித் தனிப்பதிவே எழுதலாம். 'சப்பர்ஸ் ரெடி' தொடக்கத்தில் ஹேக்கெட், பேஸ் வாசிக்கும் மைக் ரதர்ஃபோர்டு, பேங்க்ஸ் மூவருமே பன்னிரண்டு தந்தி வாசிக்கிறார்கள். கீபோர்டுக்காரரும் கிதார் எடுத்துக்கொள்ளும் குழு அது. அந்த மினுமினுப்பு வேண்டுமென்றால் கார்டாக அடிக்கக் கூடாது, தந்தி தந்தியாகப் பிரித்து மீட்ட வேண்டும், மூவரும் கழுத்தின் வெவ்வேறு இடங்களில். அடிக்கடி அறுவது மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி தந்தி. 392 ஹெர்ட்ஸுக்கு இழுபடுகிறது, அதாவது 330 ஹெர்ட்ஸில் இருக்கும் உச்ச ஈ தந்தியைவிட உயரம், தடிமனோ 0.008 அல்லது 0.009 அங்குலம். இரண்டு மூன்று உபரி வைத்திருங்கள். சுருதி சேர்க்கும்போது தடித்த தந்தியை முதலில் சேர்த்து, மெல்லியதை அதற்கு ஒத்துப்போக வையுங்கள்.

ரதர்ஃபோர்டின் கால்களையும் மறக்க வேண்டாம். கையில் பன்னிரண்டு தந்தி இருக்கும்போது பேஸ் எங்கிருந்து வருகிறது? காலால் வாசிக்கும் பேஸ் பெடலிலிருந்து. முதலில் டியூட்ரான் கம்பெனியின் பெடல், பிறகு மூக் டாரஸ். டாரஸில் 13 பெடல். சூடேறும்வரை அதன் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வாசிப்பதற்கு அரை மணி முன்பே மின்சாரம் கொடுத்து வைப்பது நல்லது.

தட்டுகளுக்கு வருவோம். 'ஃபாக்ஸ்ட்ராட்' இரண்டாம் பக்கம் 'ஹொரைஸன்ஸ்' கிதார்த் துண்டோடு சேர்த்து இருபத்துநாலரை நிமிடத்தைத் தொடுகிறது. 'செல்லிங் இங்கிலாந்து' மொத்தம் 53 நிமிடத்துக்கு மேல். ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரத்தைத் திணித்தால் பள்ளங்கள் நெருங்கும், சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். அதனால் சிறு தூசிகூடப் பெரிதாகக் கேட்கும். இதைவிடப் பெரிய தொல்லை உட்பக்கத்தில். 33⅓ சுழற்சியில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்முனையில் அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் சுருக்கி எழுத வேண்டும். 'சப்பர்ஸ் ரெடி'யின் மிக உரத்த, மிக அடர்ந்த முடிவு சரியாக அந்த மோசமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேப்ரியலின் குரல் அங்கே கரகரவென்று கிழிந்தால் உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள். அதைப் பொருத்தும் முறைகளில் வழக்கமான பேர்வால்ட் அளவில் கோணப் பிழை பூஜ்யமாகும் புள்ளிகள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் வரும். ஸ்டீவன்சன் அளவில் உட்புள்ளி 60.3க்கே நகர்ந்துவிடுகிறது. இப்படிக் கடைசியில் வெடிக்கும் தட்டுகளை அதிகம் கேட்பவர்களுக்கு ஸ்டீவன்சன் பொருத்தம் என்பது என் கருத்து. நடுப்பகுதியில் சற்றே கூடும் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊசியும் முக்கியம். உருண்டை முனை ஊசி அந்த நெருக்கத்தில் வளைவுகளைத் தொடாது. மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற மெல்லிய முனைகள் தொடும். தட்டு தேயக்கூடாதென்று ஊசி அழுத்தும் எடையைக் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே குறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊசி பள்ளத்தில் துள்ளி, தட்டு இன்னும் வேகமாகக் கெடும்.

முதல் அச்சு தேடுபவர்கள் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்: 'டிரெஸ்பாஸ்' சிஏஎஸ் 1020, 'நர்சரி கிரைம்' சிஏஎஸ் 1052. இரண்டிலும் தட்டின் நடுவே கரிஸ்மா கம்பெனியின் இளஞ்சிவப்பு லேபிள். 'ஃபாக்ஸ்ட்ராட்' சிஏஎஸ் 1058, 'செல்லிங் இங்கிலாந்து' சிஏஎஸ் 1074. இவற்றில் தொப்பிக்காரர் படம் போட்ட லேபிள்.

குறுந்தகட்டில் கேட்பவர்கள் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். 1994 ரீமாஸ்டர் அசல் மிக்ஸை, அதாவது கருவிகளின் ஒலிகளை அன்று கலந்து வைத்த விதத்தை, மாற்றாமல் துலக்கியது. 2008இல் வந்த 1970–1975 பெட்டித் தொகுப்பு அப்படியல்ல. நிக் டேவிஸ், ஒவ்வொரு கருவியும் தனித்தடத்தில் இருக்கும் பல்தட நாடாக்களிலிருந்து மொத்தத்தையும் புதிதாக மிக்ஸ் செய்தார். இரண்டும் வேறுவேறு பொருள். புதிய மிக்ஸில் கருவிகள் பிரிந்து தெளிவாக நிற்கின்றன, ஆனால் ஸ்டீரியோ வடிவத்தில் சத்தத்தை ஏற்றி அழுத்திவிட்டார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது, 'சப்பர்ஸ் ரெடி' போன்ற பாட்டுக்கு அது பெரிய இழப்பு. நான் கேட்பதற்கு 1994ஐயும் படிப்பதற்கு 2008இன் 5.1 சரவுண்டையும் பரிந்துரைப்பேன். சரவுண்டில் பின் ஸ்பீக்கர்களை மட்டும் ஓடவிட்டால், இத்தனை வருடம் ஆர்கனுக்கு அடியில் மறைந்திருந்த கிதார் இழைகள் தனியாகக் கைக்கு வரும். வாசித்துப் பழக விரும்புபவருக்கு அது பொக்கிஷம்.

இந்த இசையை முதலில் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் இத்தாலியர்கள். இங்கிலாந்தில் 'ஃபாக்ஸ்ட்ராட்' 12ஆம் இடம்வரைதான் போனது, இத்தாலியில் முதலிடம். 'நர்சரி கிரைம்' அங்கே நான்காம் இடத்துக்கு ஏறியது. சொந்த நாட்டில் அது பட்டியலைத் தொட 1974 ஆனது.

மேடைக்காட்சியை மீட்டவர்கள் கனடாக்காரர்கள். 1993இல் மான்ட்ரியலில் தொடங்கிய 'தி மியூசிகல் பாக்ஸ்' குழு, கேப்ரியல் காலத்து நிகழ்ச்சிகளை உடை, விளக்கு, கருவி, வாசிப்பு எல்லாவற்றோடும் மறுபடி கட்டுகிறது. 'தி லேம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' தொகுப்புக்கான 1974–75 சுற்றுப்பயணத்தை முழுதாக யாரும் படமெடுத்து வைக்கவில்லை. மூன்று திரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் ஓடிய நிகழ்ச்சி அது. ஜெனிசிஸின் அனுமதியோடு அசல் ஸ்லைடுகளைப் பெற்று அவர்கள் அதை மேடையேற்றினார்கள். அந்த நிகழ்ச்சியில் வரும் ஸ்லிப்பர்மேன் பாத்திரத்துக்கான உடையின் புடைப்புகளால் ஒலிவாங்கி வாய்க்கு அருகே வராமல் கேப்ரியல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. அந்த உடையை மறுபடி செய்பவர் அதே தொல்லையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். 2005இல் ஜெனிவாவில் அந்தக் குழுவோடு காலின்ஸே உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். ரசிகர்களின் உழைப்புக்கு அதைவிடப் பெரிய முத்திரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக நாடாக்கள். 1982 அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் திறந்தவெளி அரங்கில், கொட்டும் மழையில், கேப்ரியல் நடத்திய வோமாட் என்ற இசை விழாவின் கடனை அடைக்க எல்லோரும் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். இறுதியில் ஹேக்கெட்டும் வந்தார். அந்த இரவுக்கு அதிகாரப்பூர்வ வெளியீடு கிடையாது. கூட்டத்தில் நின்றவர்கள் கேசட்டில் பிடித்ததுதான் இருக்கிறது. எழுபதுகளின் பல நிகழ்ச்சிகளுக்கும் இதே கதை. இவற்றைக் கெடாமல் கணினிக்கு மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை.

ஓடவிடும் முன் கேசட்டைத் திறந்தோ வெளிச்சத்தில் பிடித்தோ அழுத்தப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் உயர் ஒலி முழுக்கப் போய்விடும். ஒலித்தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்புங்கள். பிறகு அசிமுத், அதாவது ஒலித்தலையின் சாய்வு. இரண்டு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருகை மிகச் சிறிதாகத் திருப்பி, சிம்பல் ஒலி மிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிடித்தவரின் இயந்திரத்தின் சாய்வோடு உங்கள் இயந்திரம் ஒத்துப்போக வேண்டும், அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள். கூட்டத்தின் இரைச்சலோடு மெல்லோட்ரானின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது வேகம். பேட்டரியில் ஓடிய பதிவுக்கருவி நேரம் ஆக ஆகத் தளரும். மெதுவாகப் பதிந்தது சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறிக் கேட்கும். எதை வைத்துச் சரிபார்ப்பது? கிதார் நகரும், மெல்லோட்ரான் நிச்சயம் நகரும். நகராதது ஹேமண்ட், மின்சாரத்தோடு பூட்டியிருப்பதால். ஆர்கன் தனியாக நீண்டு நிற்கும் ஓர் இடத்தைப் பிடித்து, சுருதிமானியில் எத்தனை செண்டு (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் என்று பாருங்கள். ஒரு சதவீத வேகப் பிழைக்கு ஏறத்தாழ 17 செண்டு. 40 செண்டு ஏறியிருந்தால் பதிவு 2.34 சதவீதம் வேகமாக ஓடுகிறது, 97.7 சதவீத வேகத்துக்கு இறக்க வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் முறையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவி டிரம்ஸை உடைத்துவிடும். கேசட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அளந்து, மாற்றம் சீராகக் கூடிக்கொண்டே போனால் அதற்கேற்பப் படிப்படியாகத் திருத்துங்கள்.

சேமிப்பது, ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவில். எம்பி3யிலிருந்து ஃபிளாக் செய்து பரப்புவது பெரிய துரோகம், அதை யாரும் திருப்பிச் சரிசெய்ய முடியாது. கேசட்டைத் திருப்பிய இடத்தில் இசை விடுபட்டிருந்தால் வேறு நகலிலிருந்து ஒட்டலாம், ஆனால் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்று எழுதி வையுங்கள். கோப்போடு ஓர் உரைக்கோப்பு கட்டாயம் வேண்டும்: நாள், ஊர், அரங்கம், எத்தனையாவது தலைமுறை நகல், எந்த இயந்திரத்தில் ஓட்டியது, எந்த இடத்தில் எத்தனை செண்டு திருத்தியது. திருத்தாத மூலப் பதிவையும் தனியாக வைத்திருங்கள். நாளைக்கு உங்களைவிட நல்ல காதும் நல்ல கருவியும் உள்ள ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்க அது வேண்டும்.